குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டுக்கு என்னென்ன உரிமை உண்டு?

என் தங்கைக்கு 31-வது வாரத்திலேயே வலி வந்துவிட்டது. குழந்தை 1,400 கிராம். பிறந்த அன்று இரவு அவள் வீட்டுக்காரர் கையில் ஒரு துண்டுச்சீட்டோடு அரசு மருத்துவமனையின் மாடிக்கும் வாசலில் இருந்த மருந்துக்கடைக்கும் இரண்டு முறை ஏறி இறங்கினார். ஊசி மருந்து, சிரிஞ்ச், ஏதோ ஒரு டியூப். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை உள்ளே கிடக்கும்போது யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றும்? அந்தச் சீட்டில் இருந்த எதையும் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தெரியவந்தபோது மூன்று வாரம் ஓடிவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு நல்லதுதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். மத்திய அரசின் திட்டங்கள் மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

காசு கேட்கக் கூடாது

ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம், சுருக்கமாக ஜே.எஸ்.எஸ்.கே., என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஜூன் 1 அன்று தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதும், சிசேரியனும் இலவசம் என்பது பலருக்கும் தெரியும். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கும் அதே உரிமை உண்டு என்பதுதான் தெரிவதில்லை. சிகிச்சை, மருந்து, சிரிஞ்ச் போன்ற பொருட்கள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், எல்லாமே செலவில்லாமல் தரப்பட வேண்டும். முதலில் பிறந்து 30 நாள் வரை என்றிருந்ததைப் பிறகு ஒரு வயது வரை நீட்டித்தார்கள். தாய்க்கும் சாப்பாடு உண்டு: சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள்.

வண்டிச் செலவும் இதில் அடக்கம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு, குணமானதும் மறுபடி வீட்டுக்கு. 108-ல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால், அந்த வண்டி கிடைக்குமா என்று டியூட்டி டாக்டரிடமே கேளுங்கள். சின்னப் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடும்போது, வழியிலேயே உடம்பு சில்லிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. வீடு திரும்ப 102, அதாவது இலவச தாய் சேய் ஊர்தி.

யாராவது வெளியே வாங்கிவரச் சொன்னால் சண்டை போட வேண்டாம். "இது ஜே.எஸ்.எஸ்.கே.-வில் வராதா?" என்று நிலைய மருத்துவ அலுவலரிடம், ஆர்.எம்.ஓ. என்பார்கள், நிதானமாகக் கேட்டால் போதும். அப்படியும் நடக்கவில்லை என்றால் 104-க்கு அழைத்துச் சொல்லலாம்.

இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும் நாட்கள்

34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தையையோ, 1,800 கிராமுக்குக் குறைவான குழந்தையையோ பொதுவாக எஸ்.என்.சி.யு.வில் சேர்ப்பார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்பு சிகிச்சைப் பிரிவு அது. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் நம் பிள்ளைக்குத்தானோ என்று வயிறு கலங்கும்.

ஆனால் பெற்றோர் வெளியிலேயே நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு என்ற வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் வெளியிட்டது. கை கழுவி, அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தாயும் தந்தையும் உள்ளே வரலாம். துடைப்பது, துணி மாற்றுவது, பால் கொடுப்பது, நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் செவிலியர் சொல்லித்தர, அவர்களே செய்யலாம் என்கிறது அது. நடைமுறையில் இடம் போதாமல் சில இடங்களில் நேரம் ஒதுக்கித்தான் விடுவார்கள். பரவாயில்லை, அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நெஞ்சோடு அணைப்பது என்றேன் அல்லவா, அதுதான் கங்காரு பராமரிப்பு. தொப்பியும் சாக்ஸும் டயப்பரும் மட்டும் போட்டுக் குழந்தையை அம்மாவின் வெற்று மார்பில் தவளை மாதிரி குப்புறப் படுக்கவைத்து, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். பிறந்தவுடனே தொடங்கி, ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் 24 மணி நேரமும் இப்படி வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை இது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். எங்கள் வீட்டில் பகலில் தங்கை, சாயங்காலம் அவள் வீட்டுக்காரர். அவர் மார்பில் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு கத்தரிப்பூ நிறத் தொப்பி மட்டும் தெரியும்.

சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு முதலில் டியூப் வழியாக, பிறகு பாலாடையில் பால் புகட்டுவார்கள். இரண்டு மில்லி, மூன்று மில்லிதான். அது கையால் பீய்ச்சிய தாய்ப்பாலாக இருப்பதே நல்லது. பால் ஊறவில்லை என்றதும் டப்பாப் பாலுக்கு ஓட வேண்டாம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அங்கே தானமாக வந்த பாலைப் பதப்படுத்தி இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

30-வது நாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். ஆர்.ஓ.பி. என்பார்கள். பார்த்தால் கண் சாதாரணமாகத்தான் தெரியும், வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

34 வாரத்துக்குள் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்குள்ளோ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜன் வைத்திருந்த குழந்தைக்கும் தேவைப்படலாம். கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்ததோடு முடியாது. ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும்வரை போக வேண்டும்.

1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு கண்ணும் போயிற்று. அந்தத் தந்தை நடத்திய வழக்கில் 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பெரும்பாலான பிள்ளைகள் 30 நாளுக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் தேதி மறந்துபோகும். எங்கள் குழந்தை 24-வது நாள் வீட்டுக்கு வந்தது. ஒரு செவிலியர் டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலையில் கண் பரிசோதனைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, இரண்டு முறை கோடு போட்டுக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் நாங்களும் மறந்திருப்போம். உங்கள் சம்மரியில் அந்தத் தேதி இல்லாவிட்டால், வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிறந்த 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து குழந்தையின் எடை, சூடு, பால் குடிக்கும் விதம் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதாரத் திட்டத்தின் ஏற்பாடு. நம் ஊரில் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர் வருவார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், அந்த ஊர்ச் செவிலியரிடம் சொல்லிவைப்பது நீங்கள்தான். இல்லாவிட்டால் இரண்டு ஊருக்கும் நடுவே பிள்ளையின் பெயர் விட்டுப்போகும்.

காது, வளர்ச்சி, கை கால் அசைவு எல்லாவற்றுக்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம், இலவசம். வளர்ச்சியைக் கணக்கிடும்போது எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று மனம் தளராதீர்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியேதான் கணக்கு.

பணம், காப்பீடு, விடுப்பு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததற்கான எண், வாங்கியிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் உண்டா என்று சேர்ப்பதற்கு முன்பே 1800 425 3993-ல் கேட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இது பொருந்தும். 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டதால் விடுப்பு குறையாது, பிரசவத்துக்கு முன் எடுக்காத வாரங்களும் சேர்த்து எல்லாம் பின்னால் கிடைக்கும். முன்கூட்டி எழுதிக் கொடுக்க நேரமே இல்லாமல் போயிருந்தால், பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம். குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் கோளாறு வந்தால், மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். 1961 மகப்பேறு நலச் சட்டத்திலும் இது இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது, இ.எஸ்.ஐ.யிலும் இருக்கிறது. எச்.ஆரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது தாயின் உடம்புக்கான விடுப்பு. பிள்ளை மருத்துவமனையில் கிடந்த நாட்களுக்கென்று தனி விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தந்தைக்கோ சட்டப்படி ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது. இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இன்னொன்று, எழுதவே கை வரவில்லை. சட்டத்தின் பார்வையில் இறந்து பிறந்த குழந்தையும் குழந்தைதான். அந்தத் தாய்க்கும் மகப்பேறு விடுப்பு உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு, குழந்தை பிறந்தவுடன் இறந்தாலோ இறந்து பிறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022-ல் ஆணை வந்தது.

அப்புறம், பிறப்பைப் பதிவதை மறக்க வேண்டாம். பிள்ளை பெட்டியில் இருந்தாலும் 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், கட்டணம் இல்லை. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருடத்துக்குள் என்றால் அதற்கும் கட்டணம் இல்லை. பிள்ளை கையில் தங்கட்டும் என்று பயந்து, எங்கள் வீட்டில் ஐந்தாவது மாதத்தில்தான் பெயர் வைத்தோம். அதுவரை அவளுக்கு எல்லாப் பேப்பரிலும் ஒரே பெயர்தான்: தங்கையின் பெயருக்குப் பின்னால் 'குழந்தை' என்று எழுதியிருக்கும்.