மலிவு விலைச் சீன பைக்: தொழிற்சாலை மீதி வைத்த வேலை

புது வண்டியோடு பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான். சீனத் தயாரிப்பான 125 அல்லது 150 சிசி வண்டியாக இருந்து, பதில் இருநூறுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. மூவாயிரத்தைத் தாண்டியும் ஒரு நட்டின் மேல்கூட ஸ்பானர் படவில்லை என்றால், மரை வெட்டும் டேப்பைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்வேன்.

இந்த வண்டிகளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வெறும் தகரம் என்பது ஒன்று. பெரிய கம்பெனி வண்டியேதான், ஸ்டிக்கர் மட்டும் வேறு என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. எஞ்சின் பெரும்பாலும் நல்ல குடும்பத்துப் பிள்ளை. காசை மிச்சம் பிடித்திருப்பது அதைச் சுற்றியுள்ள போல்ட்டிலும் பேரிங்கிலும் ரப்பரிலும் கிரீஸிலும்தான். அவற்றைப் பூட்டிய தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட நேரத்திலும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த மீதி வேலையை வாங்கியவர் செய்து முடித்தால் வண்டி பல வருடம் உழைக்கும். முடிக்காவிட்டால் சாலையில் தானே கழன்று கழன்று விழும்.

நல்ல குடும்பம் என்றேன் அல்லவா? 1976இல் ஹோண்டா கொண்டுவந்த சிஜி125 என்ற வண்டி, பராமரிப்பை எதிர்பார்க்க முடியாத நாடுகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அதில் கேமைச் சுழற்றும் டைமிங் செயின் கிடையாது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கோடு பல்சக்கரத்தால் இணைக்கப்பட்டிருக்கும். வால்வுகளைத் தள்ளுவது நீளமான தள்ளுகம்பிகள். அந்த வடிவத்தைத்தான் சீன ஆலைகள் எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. லிஃபான், லோன்சின், சோங்ஷென் ஆகிய மூன்றும் சோங்சிங் என்ற ஒரே நகரத்துக் கம்பெனிகள். டேங்கில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், அடியில் இருக்கும் எஞ்சின் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

அது எந்தக் குடும்பம் என்று எஞ்சினே சொல்லும். உறையில் 156எஃப்எம்ஐ என்று பொறித்திருந்தால், 1 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 56 என்பது சிலிண்டர் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் காற்றால் குளிர்வது, எம் மோட்டார் சைக்கிள். கடைசி எழுத்து கொள்ளளவு: ஐ என்றால் 125, ஜே என்றால் 150, எல் என்றால் 200. ஆக, 162எஃப்எம்ஜே என்பது 62 மி.மீ. துளையுள்ள 150 சிசி. உதிரிபாகம் கேட்கும்போது வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தப் பெயரில் அடுத்த வருடம் கம்பெனி இருக்குமோ என்னவோ. எஞ்சின் எழுத்தைச் சொல்லுங்கள், பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே எழுத்துள்ள எஞ்சின்களிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்க்காமல் கேஸ்கெட்கூட வாங்காதீர்கள்.

இனி அந்த மீதி வேலை. முதல் நாளே தொடங்க வேண்டியது போல்ட்டுகளில்.

இந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அதிர்வைத் தணிக்கும் பாலன்சர் கிடையாது. அதிர்வு முழுவதும் சட்டத்துக்குப் போகிறது, சட்டத்திலிருந்து நட்டுகளுக்குப் போகிறது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் அது முறையான உறுதியுள்ளது. ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால், முக்கியமான இடங்களில் மாற்றிவிடுவது நல்லது. எஞ்சின் தாங்கிகள், பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பிரேக் காலிப்பர், ஹேண்டில்பார் பிடிப்பு, ஃபுட்ரெஸ்ட் என ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள். மரையைப் பெட்ரோலில் துடைத்து, போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் பூட்டுங்கள். கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதுவே வேதம். இல்லாவிட்டால் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 வரை. அலுமினியத்துக்குள் போகும் போல்ட் என்றால் இன்னும் கொஞ்சம் கருணை வேண்டும். சைலன்சர் நட்டுக்கு மட்டும் மரைப்பசை வேண்டாம், அந்தச் சூட்டில் அது நிற்காது. அங்கே செம்பு கிரீஸ்.

பூட்டிய பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை வண்டியைத் துடைக்கும்போது கண்ணை ஓட்டினால் போதும். என்னிடம் வந்த ஒருவர் பின் ஸ்பிராக்கெட்டின் நான்கு நட்டுகளில் இரண்டை எங்கேயோ விட்டுவிட்டு, மீதி இரண்டோடு நெடுஞ்சாலையில் வந்திருந்தார். "செயின்தான் கொஞ்சம் சத்தம் போடுகிறது அண்ணா" என்றார்!

சக்கர பேரிங்குகளில் கிரீஸ் இருப்பதே அபூர்வம். இதில் ஒரு நல்ல விஷயம், பேரிங்குக்கு நாடும் கம்பெனியும் கிடையாது, எண்தான் முகவரி. 6202 என்றால் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட தரமான பேரிங்காக மாற்றிவிட்டால் வெகுநாள் அதை மறந்துவிடலாம். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் குண்டுகளுக்கும் கிரீஸ் வைத்துவிடுங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளைச் சிறு ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.

முதல் ஆயிலை 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் உலோகத் துகள் மினுமினுக்கும். புது எஞ்சினில் அது இயல்பு, ஆனால் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. சிஜி வகையில் காகித ஃபில்டர் இல்லை, ஒரு கம்பிவலையும் சுழல்விசையில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். கொள்வதும் ஒரு லிட்டர் அளவுதான், அதனால் ஆயில் சீக்கிரம் களைத்துவிடும். வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்; ஆயிலில் நனையும் கிளட்ச்சை அது வழுக்கவிடாது என்பதற்கு அடையாளம் அது. கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. மீந்துபோன கார் ஆயிலை ஊற்றிவிட்டு, மேட்டில் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை என்று வருபவர்கள் உண்டு. வடிகால் போல்ட்டை உடல் பலத்தைக் காட்டி இறுக்காதீர்கள். அந்த அலுமினிய மரை ஒருமுறை போனால், ஒரு லிட்டர் ஆயில் மாற்றும் வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

இப்போது நான் அதிகம் வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: டேப்பட். அதாவது, வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே விட வேண்டிய மயிரிழை இடைவெளி.

ஓர் இளைஞர் தன் 150 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். காலையில் உதைத்தால் உடனே கிளம்பும். சூடான பின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. ஐடிலில் நிற்காமல் அணைந்துபோகும். "ஆனால் எஞ்சின் நாளுக்கு நாள் மென்மையாகிக்கொண்டே வருகிறது, முன்பிருந்த டிக் டிக் சத்தம்கூட இப்போது இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது வெளியேற்று வால்வின் விளிம்பு கடித்த பிஸ்கட்போல் கரிந்து உடைந்திருந்தது.

நடந்தது இதுதான். வால்வு உட்காரும் வளையம் ஓட ஓடத் தேய்கிறது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பதிகிறது. அதன் தண்டு மேலே ஏறி, இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இடைவெளி போனதும் வால்வு முழுதாக மூடுவதில்லை. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை வளையத்தில் உட்காரும் அந்த நொடியில்தான் இறக்கி வைக்கிறது. உட்கார இடமில்லாவிட்டால் எரிந்துபோவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆகவே லேசான டிக் டிக் இருக்கட்டும். சத்தம் தானாகக் குறைந்தால் பயப்படுங்கள்.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டி என்றால் உத்தமம். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அமுக்க வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி, காந்தச் சக்கரத்தின் டி கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்துங்கள். இரண்டு ராக்கர்களும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. சிஜி125க்கு ஹோண்டா சொன்ன இடைவெளி 0.08 மி.மீ.; உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் அதையே கொள்ளுங்கள். அந்தத் தடிமனுள்ள ஃபீலர் தகடு இடைவெளிக்குள் மெல்லிய இழுவையோடு நுழைந்து வரும்வரை ராக்கரின் திருகைத் திருப்புங்கள். திருகைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க மறந்துவிடாதீர்கள், இறுக்கும்போது திருகு நகரும். முதல் ஆயில் மாற்றும்போது ஒரு முறை, பிறகு இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடிக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். வயரிங்கில் பாதித் தொல்லை இணைப்பான்களில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பிரித்து, துடைத்து, மின்காப்பு கிரீஸ் வைத்து மூடினால் மழைக்காலம் நிம்மதியாகக் கழியும். பேட்டரி அடிக்கடி இறங்கினால், புதிது வாங்குமுன் எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி வைத்து மீட்டரால் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இல்லை என்றால் குற்றம் பெரும்பாலும் பேட்டரியினுடையது அல்ல.

டயரைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். கூடவே வரும் டயர் கல்போல் கடினமாக இருந்து, ஈரச் சாலையில் வழுக்கினால், தேயும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். புது வண்டியிலேயே பழைய டயர் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டறையை விட்டு வண்டியை அனுப்புமுன் நான் கடைசியாகத் தொட்டுப் பார்ப்பது ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சட்டம் சேரும் வெல்டிங்கை. துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பேன். பெயிண்டின் மேல் மயிரிழை அளவுக்குத் துருக்கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். அப்படி ஒரு வண்டி வந்தால், எஞ்சின் எவ்வளவு அருமையாக ஓடினாலும், சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. உரிமையாளர் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார்.