“முப்பது வருஷமா தொடவே இல்லை சார், புதுசு மாதிரி!”

என்னிடம் பழுதுபார்க்க இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. கோர்க் பாலிசிக்ஸ், 1981இல் வெளிவந்த ஆறு குரல் அனலாக் சிந்தசைசர்; அதாவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கும், ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள் வாசிக்கக்கூடிய கீபோர்டு. வெளியே ஒரு கீறல் கிடையாது. திறந்து பார்த்தால் மெமரி இருக்கும் போர்டு முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்கிறது, செப்புத் தடங்களில் பாதியைக் காணோம். வாங்கியவர் பெருமையாகச் சொன்னதுதான் தலைப்பில் இருக்கிறது. தொடாமல் வைத்திருந்ததற்காகவே கூடுதல் விலை கொடுத்தாராம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே பித்துதான். யாரோ மெனக்கெட்டுத் தொகுத்த ஒரு வினோதமான பிளேலிஸ்ட் கையில் சிக்கும்: செடிகள் கேட்பதற்கான இசை, ரோபோக்களின் கல்யாண ஊர்வலம், நடுநிசியில் பழுதாகி நின்ற லிஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள். மோர்ட் கார்சன் 1976இல் வீட்டுச் செடிகளுக்கென்றே மோக் சிந்தசைசரில் ஓர் இசைத்தட்டு போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவரும். அதற்கடுத்து சரண்ஜித் சிங். 1982லேயே ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று மின்னணு இசைக்கருவிகளையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தள்ளியவர். கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு ஜன்னலில் பழைய சிந்தசைசர் விலை தேட ஆரம்பித்திருப்பீர்கள். சரி, வாங்குங்கள். யார் வேண்டாம் என்றது? பெட்டி வந்ததும் அவசரமாகப் பிளக்கில் செருகி ஸ்விட்சைத் தட்டுகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

“ஓட்டவே இல்லை, அதனால் தேயவில்லை” என்ற நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சாவிகளும் திருகுகளும் வேண்டுமானால் தேயாமல் இருக்கும். மின்னணுச் சாதனத்தின் உட்பகுதிக்கு அந்தக் கணக்கு செல்லாது. பூட்டிக் கிடந்த வீடுதான் சீக்கிரம் பாழாகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? பாலிசிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமித்த ஒலிகள் அழிந்துவிடாமல் இருக்க அதில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்து வைத்திருக்கிறார்கள். கருவி ஓடும்போதெல்லாம் அது சார்ஜ் ஆகும். வருஷக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் முழுக்க இறங்கிப்போய் கசிய ஆரம்பிக்கும். கசிந்த திரவம் செப்பைத் தின்னும், ஐசி எனும் சில்லுகளின் கால்களைத் தின்னும், ஒரு முனையில் நுழைந்து வயருக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஆக, தொடாமல் இருந்ததுதான் அந்தப் போர்டைக் கெடுத்தது. வாராவாரம் வாசித்து, பேட்டரியைக் காலத்தில் மாற்றிய ஒருவரிடம் வாங்கியிருந்தால், கீறலும் பீர் கறையுமாக இருந்தாலும் உள்ளே நன்றாக இருந்திருக்கும்.

மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களும் அப்படியே. பவர் சப்ளையில் உட்கார்ந்திருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் அலுமினியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அடிக்கடி மின்னழுத்தம் கிடைத்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் படலம் திடமாக இருக்கும். பல வருஷம் சும்மா கிடந்தால் பலவீனமாகும். அப்படிப்பட்ட கெபாசிட்டருக்குத் திடீரென்று முழு வோல்டேஜும் போனால் கசிவு மின்னோட்டம் ஏறி, சூடாகி, உப்பி, சில சமயம் ‘டப்’ என்று வெடிக்கும். கெபாசிட்டரோடு போனால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்து செத்து, அளவுக்கு மீறிய வோல்டேஜ் குரல் சர்க்யூட்டுக்குள் பாய்ந்தால் என்ன செய்வீர்கள்? கர்டிஸ் 3340 மாதிரி, ஒலியலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஐசிக்கள் இன்றைக்குப் புதிதாகவே கிடைக்கின்றன. அந்தந்தக் கருவிக்கென்றே செய்த சில சில்லுகளுக்கு, செத்துப்போன இன்னொரு கருவியைத்தான் தேடிப் போக வேண்டும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் திறந்து பார்க்கவேண்டும், தெரிந்தவர் பார்க்கவேண்டும். பேட்டரி கசிந்திருக்கிறதா, கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, உள்ளே ஒட்டிய ஃபோம் கரைந்து தார் மாதிரி வழிந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் வோல்டேஜைச் சிறுகச் சிறுக ஏற்றுவோம். நீங்களே திறக்கத் துணிந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இது புரியவில்லை என்றால் திறக்காதீர்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. பேட்டரி கசிவை எல்லோரும் ‘ஆசிட்’ என்றே சொல்கிறார்கள். ஆசிட்டுக்கு மருந்து சோடா உப்பு என்று அதைக் கரைத்துப் பூசிவிட்டும் வருகிறார்கள். நிக்கல்-காட்மியத்திலும் அல்கலைன் பேட்டரியிலும் கசிவது காரம், ஆசிட் அல்ல. வினிகர் மாதிரி மென்மையான அமிலத்தால் துடைக்கவேண்டும், பிறகு அதையும் மிச்சமில்லாமல் கழுவி உலர்த்தவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. ஜப்பானில் விற்ற கருவிக்கு 100 வோல்ட், வட அமெரிக்காவில் விற்றதற்கு 120. அதை 230 வோல்ட் சுவரில் செருகினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். பயணத்துக்கு வாங்கிய பிளக் அடாப்டரை மாட்டி “பொருந்திடுச்சு” என்கிறார்கள். அது பின்னின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது! போன் சார்ஜர் எங்கே செருகினாலும் வேலை செய்கிறது என்ற பழக்கம் கண்ணை மறைக்கிறது. அந்தக் காலத்துக் கருவிகளில் இருப்பது கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். அதற்குச் சொன்ன வோல்டேஜ்தான் தரவேண்டும், அதாவது சரியான வாட் அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். யாராவது உள்ளே மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஃபியூஸ் போனால், போன காரணத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போடுவதும், அதில் வெள்ளித் தாள் சுற்றுவதும் கருவியைக் கொளுத்தும் வேலை. ஆமாம், சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கரகரக்கும் ஸ்லைடரில் டபிள்யூடி-40 அடிக்கிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஈரத்தை விரட்டவும் துருப் பிடிக்காமல் காக்கவும் வந்த எண்ணெய்ப் பொருள். ஸ்லைடருக்குள் போனால் இருக்கிற கிரீஸைக் கரைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். தூசி அதில் வந்து ஒட்டும். இதற்கென்று காண்டாக்ட் கிளீனர் விற்கிறது. அதையும் கொஞ்சமாக அடியுங்கள், தயவுசெய்து.

சுருதி விலகுவதை ‘அனலாக் வெதுவெதுப்பு’ என்று கொண்டாடுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஒன்று மட்டும்: பெரும்பாலான அனலாக் கருவிகளில் சுருதியை ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி ஏற்ற ஒரு வோல்ட். அரை ஸ்வரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட்தான். சூடு ஏறினால் இறங்கினால் இந்த அளவில் கொஞ்சம் நகரத்தான் செய்யும். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சுருதி சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேலும் அலைந்தால் அது வெதுவெதுப்பு இல்லை, பழுது.

வாங்குவதற்கு முன் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால் சோதியுங்கள். ரோலண்ட் ஜூனோ-106 பார்க்கப் போகிறவர்கள், கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். சோதனை நிலைக்குப் போய், எந்தக் குரல் ஒலிக்கிறது என்று எண் காட்டும். ஆறையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று கரகரத்தாலோ ஊமையாக இருந்தாலோ, பெரும்பாலும் 80017ஏ என்ற குரல் சில்லு காரணம். அதன் மேல் பூசிய கறுப்புப் பிசின் காலப்போக்கில் கெட்டு மின்கசிவு உண்டாக்குகிறது. சரிசெய்யலாம், ஆனால் ஒன்று போனால் மற்ற ஐந்தும் வரிசையில் நிற்கின்றன என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

உங்களுக்கு வேண்டியது அந்த ஒலி மட்டும் என்றால், புதிதாகவே வாங்குங்களேன். மினிமோக் மாடல் டி 2016லும் 2022லும் மறுபடி வந்தது. கோர்க் எம்எஸ்-20 உருவம் கொஞ்சம் சுருங்கி 2013இல் வந்தது. ப்ராஃபெட்-5 2020இல் வந்தது. இவையும் அனலாக்தான். ரோபோக்களின் கல்யாண ஊர்வலத்தை இவற்றிலும் தாராளமாக நடத்தலாம், வெதுவெதுப்பு ஒன்றும் குறைந்துவிடாது. பழசுதான் வேண்டும் என்கிறவர்கள் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி, ஆன் செய்து, புகையும் வந்துவிட்டதா? “இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்” மட்டும் வேண்டாம். பிளக்கை உருவுங்கள். எந்த இடத்திலிருந்து புகை வந்தது, எந்தச் சாவி வேலை செய்தது, அதற்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே உருளும் திருகுகளையும், கழன்று விழுந்த பிளாஸ்டிக் துண்டுகளையும் குப்பை என்று தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு, அந்தத் தாளோடு சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.