வரைகதைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு குடும்பம்

காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் ஏன் எப்போதும் ஒரே பையில் கிடக்கின்றன என்று யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு யாரும் விளக்குவதில்லை. போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பையில் கைவைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

எந்நேரமும் வீட்டை விட்டு ஓட நேரலாம் என்ற அச்சம் இப்படிச் சொல்லாமலே கைமாறும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மூடிய மேடையில் தவழவிட்டார்கள். பாதி வழியில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். எதிரே தாய். அவள் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. பள்ளத்தின் ஆபத்தை அவை தாயின் முகத்தில்தான் படித்தன.

பெரியவர்களின் நினைவில் வேறொரு சிக்கல். உயிராபத்தில், அச்சத்தைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலா முடுக்கிவிடப்பட்டு, காட்சியும் ஒலியும் வாசனையும் ஆழப் பதிகின்றன. அவற்றைக் காலம், இடம் என்று கோக்கும் ஹிப்போகாம்பஸ் அந்நேரம் தடுமாறுகிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாவற்குழிப் பாலத்து நெரிசல், மழை, குடையை மல்லாத்தி ஏந்திக் குடித்த தண்ணீர். துண்டு துண்டாகத்தான் வரும். நடுவில் பேச்சு நின்றுவிடும்.

படக்கட்டங்களை அடுக்கிக் கதை சொல்லும் வரைகதையும் (கிராஃபிக் நாவல்) அப்படித்தான் நகர்கிறது. பாலத்தில் தாயின் கையைப் பிடித்திருக்கும் சிறுமி ஒரு கட்டத்தில்; சாவகச்சேரிப் பள்ளிக்கூடத் தரையில் அவள் தனியே அடுத்த கட்டத்தில். இடையிலுள்ள வெற்றிடத்தில் நடந்ததை வாசகரின் மனமே இட்டு நிரப்புகிறது. திரைப்படம் தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்லும். இங்கே தாங்க முடியாத பக்கத்தில் நிறுத்தலாம், முன்பக்கத்துக்குத் திரும்பலாம். கொடிய நினைவை அணுக இந்தச் சுதந்திரம் பெரிய உதவி.

நாஜி வதைமுகாமில் பிழைத்த தந்தையின் நினைவுகளை ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்', 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அதில் தந்தை நியூயோர்க் வீட்டில் உடற்பயிற்சிச் சைக்கிளை மிதித்தபடி பழங்கதை சொல்கிறார். முகாமில் குத்திய இலக்கம் கையில் தெரிகிறது. இரு காலங்களும் ஒரே பக்கத்தில். தெருவில் கிடக்கும் வயரைப் பொறுக்கி வைக்கும் அவருடைய சிக்கனம் மகனுக்கு எரிச்சல். என் பார்வையில் நூலின் உயிர் முகாம் காட்சிகளைவிட இந்தச் சச்சரவில்தான் இருக்கிறது. அன்பும் காயமும் அங்கே பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

நம்மிடமும் இதற்குப் பஞ்சமில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தின் மீது அரசு விதித்த பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகி, ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு விளக்கெரித்த தலைமுறை, இன்று ஆளில்லாத அறையில் மின்குமிழ் எரிந்தால் பேரனைக் கடிந்துகொள்கிறது. இதை வரைய விரும்பும் இளையவர்கள் அம்மம்மாவிடம் "என்ன நடந்தது?" என்று தொடங்க வேண்டாம். அந்த விளக்கை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். கை செய்து காட்டும்போது பேச்சும் தானாக வரும். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களையும் அதே கட்டத்தில் வரையுங்கள்.