மச்சானுக்கு 90 என்றால் தம்பிக்கும் 90 இல்லை

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் கனடா, லண்டன் உறவுகள் வந்து இறங்குவார்கள். சிலருடைய பெட்டிக்குள் மெதடோன் போத்தலும் வரும். ஹெரோயினிலிருந்து மீள, அங்கே வைத்தியர் எழுதிக் கொடுத்து ஒழுங்காகக் குடிக்கிற மருந்து; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிறு எரிவது, இங்கே வீட்டுக்காரர் கேட்கிற கேள்வியில்தான்: "தம்பிக்கும் தூள் பழக்கம்தானே, மச்சான்ரை மருந்திலை கொஞ்சம் குடுத்துப் பாப்பமே?"

பார்க்க வேண்டாம். மெதடோன் அளவு நோயின் கடுமையை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. இன்றைக்கு அந்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் போடுவது. மச்சான் 90 மில்லிகிராம் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார் என்றால், கிழமைக்கணக்காகப் படிப்படியாக ஏறி வந்த அளவு அது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் நாள் 10 முதல் 30 மில்லிகிராம்தான். பிறகு 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 கூட்டுவார்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே பலருக்கு ஒரு நாள் எடுக்கும். நேற்றையதன் மிச்சத்துக்கு மேல் இன்றையது சேரும். முதல் நாள் "ஒண்டும் செய்யேல்லை" என்ற அதே அளவு, நாலாம் நாள் நித்திரையில் மூச்சை நிறுத்தலாம். முதல் இரண்டு கிழமைதான் ஆபத்துக் கூடிய காலம்.

மச்சானுக்கும் ஒரு சொல். மருந்து முடிந்து 3 நாள் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய 90ஐ நீங்களாகத் தொடங்காதேங்கோ. எழுதித் தந்த வைத்தியரைக் கேளுங்கோ. 5 நாள் கடந்தால் அநேகமாகக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். அளவை மில்லிகிராமில் சொல்லுங்கோ. லண்டனில் வழமையான கரைசலில் 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். கனடாவின் செறிவான கரைசலில் 10. "பத்து மில்லி" என்று மட்டும் சொன்னால் பத்து மடங்கு பிழைக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் மெதடோன் வேகமாகக் கழிந்து, சில நாளிலேயே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம் வரும். அதை "திரும்பத் தூள் தேடுறான்" என்று ஏசாதேங்கோ, அளவைத் திருத்த வேண்டும். சாராயம், நித்திரைக் குளிசை, நரம்பு வலிக்குக் குடுக்கிற பிரிகபாலின் மூன்றும் கிட்டவும் வேண்டாம்.

எழுப்ப எழும்பாமல், வித்தியாசமாகக் குறட்டை விட்டு, உதடு நீலித்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கோ. ஒருக்களித்துப் படுக்க வையுங்கோ. மெதடோனின் வேலையைத் தடுத்து மூச்சைத் திருப்புகிற நலோக்சோன் ஊசியோடு கண் திறந்தவரை உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம். ஊசியின் வேலை ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். மெதடோன் அதற்குப் பிறகும் உள்ளே நிற்கும்.

கடைசியாக, தயவுசெய்து. கனடாவில் வீட்டுக்குக் கொடுத்துவிடும் மெதடோனைப் பழச்சுவைப் பானத்தில் கலந்திருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் அது சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு அது ஜூஸ்தான். பூட்டுள்ள பெட்டிக்குள் வையுங்கோ, திறப்பைக் கழுத்தில் போடுங்கோ. பிள்ளை ஒரு வாய் குடித்திருந்தாலும், ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி. போத்தலையும் கையோடு கொண்டு போங்கோ.