நாக்கின் பின்பக்கத்தில் நடப்பது

கந்தசஷ்டி தொடங்கி நாலாம் நாள் ஆகிவிட்டால், அம்மா எங்களோடு கதைக்கும்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். கோயில் வீதியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் இரண்டடி தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டுவார். "வயிறு காயுது, அந்தச் சூடுதான் மேல வருது" என்பது அவரது விளக்கம். யாழ்ப்பாணத்தில் வாய் நாறுகிறது என்றால் பலரும் முதலில் வயிற்றைத்தான் சொல்வார்கள். அதற்காகக் கசாயம் குடிப்பவர்களையும் மாதக்கணக்கில் வாயுக் குளிசை போடுபவர்களையும் எனக்குத் தெரியும்.

உண்மையில் வயிற்றின் பங்கு மிகக் குறைவு. இரைப்பையிலிருந்து வாய்க்கு வரும் உணவுக்குழாய் சும்மா இருக்கும் நேரத்தில் மூடியே கிடக்கிறது. ஏப்பம் வந்தால்தான் மேலே காற்று வரும். வாய் நாற்றம் தொடர்ந்து இருப்பவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அதன் மூலம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. அதிலும் நாக்கின் பின்பக்கம்தான் முதல் இடம்.

கண்ணாடி முன் நின்று நாக்கை நன்றாக நீட்டிப் பாருங்கள். முன்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். பின்னால் போகப் போக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படை தெரியும். நாக்கின் மேல்பகுதி தும்புக் கால்மிதி மாதிரி, சின்னச் சின்ன நீட்டங்களால் நிறைந்தது. வாயின் உட்தோலிலிருந்து உதிரும் செத்த கலங்கள், சாப்பாட்டுத் துணுக்குகள், மூக்கின் பின்னாலிருந்து வடியும் சளி எல்லாம் அந்த நீட்டங்களுக்கு இடையில் போய்த் தங்கும். அங்கே ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றின் சாப்பாடு புரதம். புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில் சிஸ்டீன், மெதியோனின் என்ற இரண்டில் கந்தகம் இருக்கிறது. சிஸ்டீனை உடைத்தால் ஐதரசன் சல்பைட்டு வரும். அது கூழ்முட்டை நாற்றம். மெதியோனினை உடைத்தால் மெதில் மேர்கப்டன் வரும். அது அழுகிய கோவா நாற்றம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டொன்செடிச் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள்தான் இந்தக் கந்தக வாயுக்களை வாய் நாற்றத்தின் முக்கிய காரணமாக நிலைநாட்டின. இவை மிகச் சிறிய அளவே இருந்தாலும் போதும். நூறு கோடியில் சில பங்கு ஐதரசன் சல்பைட்டைக்கூட மனித மூக்கு பிடித்துவிடும்.

அப்படியென்றால் எல்லோருக்கும் எந்நேரமும் ஏன் நாறுவதில்லை? உமிழ்நீர்தான் காரணம். ஒரு நாளில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரந்து அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது, ஒட்சிசனையும் கொண்டுவருகிறது. நித்திரையில் அந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். வாய் திறந்தபடி குறட்டை விடுபவர்களுக்கு இருக்கிற ஈரமும் காய்ந்துபோகும். காலையில் எழும்பியதும் யாருக்கும் வாய் நாறுவது இதனால்தான். அது நோய் அல்ல, பல் தீட்டி ஏதாவது சாப்பிட்டால் போய்விடும். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் போடும் சில குளிசைகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் வாயைக் காயவைக்கும். அப்படியானால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கலாம்.

இப்போது அம்மாவின் விரதத்துக்கு வருவோம். சோறும் கறியும் மென்று விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் உரசி, அந்தப் படையில் கொஞ்சம் தானாகவே கழன்று போகும். மெல்லும் வேலை உமிழ்நீரையும் சுரக்கவைக்கும். விரதத்தில் இந்த இரண்டும் இல்லை. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. மாச்சத்து உள்ளே போகாத உடம்பு ஓரிரு நாளில் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீற்றோன்கள் உண்டாகி, அவற்றில் ஒன்றான அசற்றோன் இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் மூச்சோடு வெளியே வரும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் மணம் அது. "வயிறு காயுது" என்று அம்மா சொன்னதில் பாதி சரிதான், ஆனால் மணம் வந்தது நுரையீரலிலிருந்தும் நாக்கிலிருந்தும். தண்ணீர் குடிக்கும் விரதமென்றால் அடிக்கடி குடிக்கலாம். எந்த விரதமும் நாக்கு வழிப்பதைத் தடுப்பதில்லை. பாறணை முடிந்து நன்றாகச் சாப்பிட்டபின் அசற்றோன் மணம் போய்விடும்.

உள்ளியின் வழியும் இதே நுரையீரல் வழிதான். உள்ளியில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்து மணிக்கணக்கில் மூச்சில் வந்துகொண்டிருக்கும். இரவு உள்ளிக் குழம்பு சாப்பிட்டவர் எத்தனை முறை பல் மினுக்கினாலும் மணம் முழுதாகப் போகாது. பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாய் மணக்கட்டும் என்று போடுபவர்கள் எங்களிடையே இன்னும் நிறையப் பேர். அது நாற்றத்தைச் சற்று நேரம் மூடுமே தவிர அகற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கைக்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென 2003இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வாய் மணத்துக்காக அதைப் போடுகிறவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? அம்மம்மா கிணற்றடியில் ஒரு ஈர்க்கை எடுத்து நடுவால் கிழித்து, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, தினமும் நாக்கை வழிப்பார். பிரஷ் வந்தபின் எங்கள் வீட்டில் அந்த வழக்கமே போய்விட்டது. ஈர்க்கோ கடையில் விற்கும் வழிப்பானோ எதுவானாலும் சரி, முடிந்தவரை பின்னால் வைத்து மெதுவாக முன்னுக்கு இழுக்க வேண்டும். இரத்தம் வரும்படி சுரண்டக் கூடாது. ஓங்காளம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். சில நாளில் பழகிவிடும். படை மறுபடி மறுபடி படியும் என்பதால் இது தினசரி வேலை.

அடுத்தது இரவுப் பல் தீட்டல். காலையில் மட்டும் தீட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உமிழ்நீர் இல்லாத ஆறேழு மணி நேரத்துக்குப் பற்றீரியாவுக்குச் சாப்பாட்டை விட்டுவைத்துப் படுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பிரஷ் போகாத பல்லிடுக்கை அதற்கென்றுள்ள நூலால் எடுக்கலாம். எடுத்த நூலை மணந்து பாருங்கள். எந்த இடுக்கு நாறுகிறது என்று அதுவே சொல்லும். கட்டுப்பல் போட்டிருப்பவர்கள் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும்.

வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் துத்தநாகம் சேர்த்தவை கந்தகத்தைப் பிடித்துக்கொள்வதால் உண்மையாகவே வேலை செய்யும். குளோர்எக்சிடின் பற்றீரியாவைக் கொல்லும், ஆனால் நீண்ட நாள் பாவித்தால் பல்லில் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும். ஏலக்காயும் கராம்பும் மணத்தை மூடுவதோடு சரி.

இவ்வளவும் செய்தும் இரண்டு மூன்று கிழமைக்குள் மாற்றமில்லை என்றால் முரசைக் கவனியுங்கள். முரசில் இரத்தம் கசிந்தால், பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் பை உண்டாகி அதற்குள் அதே பற்றீரியா குடிபுகுந்திருக்கலாம். கல்லாக இறுகிய காரையைப் பிரஷ் எடுக்காது, பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். தொண்டைச் சதையின் குழிகளில் சிக்கும் வெள்ளைக் கட்டிகளும் கடுமையாக நாறும். சின்னப் பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமான சளி வந்தால், புளியங்கொட்டையோ மணியோ உள்ளே போயிருக்கக்கூடும், தாமதிக்காமல் காட்டுங்கள். விரதமே இல்லாமல் அசற்றோன் மணம் வந்து, கடும் தாகமும் சத்தியும் களைப்பும் சேர்ந்தால் அது நீரிழிவின் ஆபத்தான நிலையாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தன் வாய் நாற்றம் தனக்குத் தெரியாது, மூக்கு அதற்குப் பழகிவிடும். மணிக்கட்டை நாக்கின் பின்பகுதியால் நக்கி, காயவிட்டு மணந்து பார்த்தால் ஓரளவு தெரியும். அதைவிட நம்பிக்கையானது வீட்டில் ஒருவரிடம் கேட்பது. எனக்குச் சொன்னது அக்கா. வெளியே யாரும் இல்லாத நேரம் பார்த்து, "தம்பி, கோவிக்காத, உன்ர வாய் கொஞ்ச நாளா மணக்குது, பல்லைக் காட்டிப் பார்" என்றாள். பின்கடைவாய்ப் பல்லோரம் முரசில் பை இருந்தது. இரண்டு முறை போய்ச் சுத்தம் செய்தபின் மறுபடி அக்காவிடம்தான் போய் நின்றேன். கிட்ட வந்து, கதைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்ப ஒண்டுமில்லை" என்றாள்.