22-ஆம் நாள் என்ன செய்யப் போகிறீர்கள்?

"உள்ளே சேர்த்தாச்சு, இனிமேல் கவலை இல்லை" என்று பெற்றோர் சொல்லும்போதுதான் எனக்குக் கவலை ஆரம்பிக்கும். தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பன் பக்கம் போதை மறுவாழ்வு மையம் என்றால் மூன்று வாரம், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். நகையை வைத்து, மாமா சித்தப்பாவிடம் கைநீட்டி, எப்படியோ பணம் கட்டிச் சேர்த்துவிடுவார்கள். பையன் கன்னம் உப்பி, சவரம் செய்துகொண்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதபடி வெளியே வருவான். வீட்டில் மட்டன் கறி, சொந்தபந்தம், ஒரே கொண்டாட்டம். அடுத்த நாள் காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், அவன் மட்டும் அதே வீட்டில், அதே தெருவில், முன்பு வாங்கின அதே மூலையிலிருந்து நாலு வீடு தள்ளி உட்கார்ந்திருப்பான். அந்த 22-ஆம் நாளுக்கு யாரிடமும் எந்தத் திட்டமும் இருக்காது.

நான் சமூகப்பணியாளர். திருச்சிப் பக்கம் படித்துவிட்டு இங்கே வந்தவள், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் குடும்பங்களோடு வேலை. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலானோர் தமிழ் வாசிப்பதில்லை, வீட்டில் இங்கிலீஷ்தான், ஆயா, தாத்தா மாதிரி சில சொற்கள் மட்டும் தங்கியிருக்கின்றன. அதனால் இதை வாசிக்கப்போவது சென்னையிலோ கோலாலம்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் நீங்களாக இருக்கலாம். பரவாயில்லை, ஹெராயின் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

முதலில் இந்த ஊர்க் கதை. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, டர்பன் நகருக்குள்ளும் அதைச் சுற்றியும் வாழ்ந்த இந்தியர்களைப் பெயர்த்து எடுத்து, 60-களில் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் சாட்ஸ்வர்த். தெருக்களெல்லாம் யூனிட் யூனிட்டாக எண்ணில் பிரிந்தவை. 2000-களின் நடுவில் இங்கே 'ஷுகர்ஸ்' வந்தது. மட்டமான ஹெராயின், அதில் கோகெயின் கழிவு, மாத்திரைத் தூள் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் கலந்து மலிவாக விற்றார்கள். பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளில் இதே சரக்கின் பெயர் 'வூங்கா', ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் போனால் 'நியாவோப்பே'. எச்.ஐ.வி. மாத்திரையை அரைத்துச் செய்கிறார்கள் என்று பரபரப்பாக எழுதினார்கள். கலப்படம் என்னவாக இருந்தாலும் ஆளைப் பிடித்து வைத்திருப்பது ஹெராயின்தான். ஆப்கானிஸ்தானில் விளைந்து, இந்தியப் பெருங்கடலில் பாய்மரப் படகேறி, மொசாம்பிக் கரையில் இறங்கித் தரைவழியாக இங்கே வந்து சேர்கிறது.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எங்க பையன் ஷுகர்ஸ்தான் எடுக்கிறான், ஹெராயின் எல்லாம் இல்லை" என்று இன்னமும் சொல்கிறார்கள். ஹெராயின்தான், அம்மா.

ஹெராயினை நிறுத்தினால் 8 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் உடம்பு முறுக்க ஆரம்பிக்கும். இந்த ஊர்ப் பையன்கள் அதை 'அரோஸ்டா' என்பார்கள். மூக்கில் தண்ணீர், வயிற்றைப் பிடுங்கும் வலி, வாந்தி, பேதி, எலும்புக்குள் யாரோ கடைவது போன்ற வேதனை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், பத்து நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது எந்த மையத்தில் போட்டாலும், ஏன், ஓர் அறையில் போட்டுப் பூட்டினாலும்கூட, இந்தப் பகுதி முடிந்துவிடும். பிறகு வருவதுதான் நீண்டது. தூக்கம் வராது, எதிலும் ருசி இருக்காது, காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும், ஒரு தெருமுனையைக் கடந்தாலே நாக்கில் எச்சில் ஊறும். இது மாதக்கணக்கில் போகும். மூன்று வாரத்தில் எவனும் 'கெட்டபழக்கத்தை விட்டுவிட்டவன்' ஆகிவிடுவதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது, இதைத்தான் குடும்பங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லி அனுப்புவதில்லை. உடம்பு தாங்கும் அளவு இறங்கிவிடுகிறது. உள்ளே போகும் முன் எடுத்த அதே அளவை வெளியே வந்து ஒரே ஒரு தடவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். சிறையிலிருந்து வந்தவர்களுக்கும், விரதமிருந்து நிறுத்தியவர்களுக்கும், மையத்திலிருந்து வந்தவர்களுக்கும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். உதடு நீலமாகி, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு தடுமாறி, உலுக்கினாலும் எழாமல் கிடந்தால் "தூங்கட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். போலீஸ் வருமோ, பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரோ என்று யோசிக்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

குடிக்குக் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெராயினை நிறுத்தும் வேதனையால் ஆரோக்கியமான ஆள் சாவது அபூர்வம். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதுமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளைக்கே நிறுத்திடறேன்" என்று சாமி படத்தின் மேல் சத்தியம் செய்யும் அப்பாவை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், சத்தியம் பிறகு.

சரி, அப்போது என்னதான் வழி?

ஹெராயினைப் பொறுத்தவரை உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்த மருந்து மெத்தடோன். புப்ரினோர்பின் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மெத்தடோனைத் தினம் ஒருமுறை குடித்தால் போதும், ஒரு நாள் முழுக்க உடம்பு முறுக்காது. குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள், நிலையான அளவு பெரும்பாலும் 60 முதல் 120 மில்லிகிராம். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான்: காலையில் மருந்து குடித்துவிட்டு டாக்சி பிடித்து வேலைக்குப் போகிறவனும், காலையில் எழுந்ததும் யார் வீட்டுத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி விற்கலாம் என்று யோசிக்கிறவனும் உங்களுக்கு ஒன்றா? இதை மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் கொடுத்து நிறுத்துவதற்குப் பேர் சிகிச்சை இல்லை. இன்னொரு எச்சரிக்கை, மருந்து பாட்டிலை வீட்டில் வைத்தால் பூட்டி வையுங்கள், ஒரு குழந்தைக்கு ஒரு மடக்கே எமனாகும்.

டர்பனில் இந்த மருந்தை எளிதாகக் கொடுத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டம் 2017-இல் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டி.பி. எச்.ஐ.வி. கேர் அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. 2018-இல் கடற்கரையில் ஊசிகள் ஒதுங்கின என்று சத்தம் கிளம்ப, ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கும் சேவையை மாநகராட்சி நிறுத்திவைத்தது, மறுபடி தொடங்க 2020 ஆனது. அதே 2020-இல்தான் ஒரு திருப்பம். ஊரடங்கில் வீடற்றவர்களை மோசஸ் மபிடா ஸ்டேடியம் போன்ற இடங்களில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். அடுத்த நாளே பாதிப்பேர் அரோஸ்டாவில் துடித்தால் யார் சமாளிப்பது? வேறு வழியில்லாமல் மெத்தடோன் கொடுத்தார்கள். கூட்டம் அடங்கியது, ஆட்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பேசினார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் பெல்ஹேவன் தீங்குகுறைப்பு மையம், அதாவது உடனே நிறுத்து என்று மிரட்டாமல் போதையால் வரும் தீங்கை முதலில் குறைக்கப் பார்க்கும் இடம். பிரிட்டோரியாவில் மாநகராட்சியும் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவத் துறையும் சேர்ந்து 2016-லேயே 'கோசப்' என்ற திட்டத்தைத் தொடங்கின. ஆளைக் கொண்டுபோய் ஒரு கட்டிடத்தில் அடைக்காமல், அவன் குடியிருக்கும் பகுதியிலேயே மருந்து, சமூகப்பணியாளர், ஆலோசனை எல்லாம்.

நாடு முழுக்க இப்படியா என்றால் இல்லை. அரசு மருத்துவமனைகளில் உடல் வேதனையைச் சமாளிக்கச் சில நாள் கிடைக்கும், தொடர்ந்து வருடக்கணக்கில் கிடைப்பது கஷ்டம், கைக்காசு போட்டு வாங்கினால் விலை கடிக்கும். இந்த ஒரு மருந்தை அரசு ஒழுங்காகக் கொடுத்தாலே என் வேலையில் பாதி குறைந்துவிடும்.

மருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும், அவனுடைய அன்றாடத்தை யார் பார்த்துக்கொள்வது? 1973-இல் அமெரிக்காவின் இலினாய்ஸில் ஹண்ட், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் குடிநோயாளிகளை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். வேலை தேடிக்கொடுத்தார்கள், கணவன் மனைவி சண்டையைப் பேசித் தீர்த்தார்கள், ஒரு பழைய மதுக்கடையையே குடி இல்லாத கிளப்பாக மாற்றி சனிக்கிழமை இரவில் போக ஓர் இடம் உண்டாக்கினார்கள். இவை கிடைத்தவர்கள், வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துக் குடித்தார்கள், வேலையிலும் வீட்டிலும் அதிக நாள் இருந்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கும் 'கிராஃப்ட்' முறை. சிகிச்சைக்கே வரமாட்டேன் என்கிற குடிகாரர்களின் வீட்டாரை வைத்து நியூ மெக்சிகோவில் செய்து 1999-இல் வெளியான ஆய்வில், இந்த முறையைக் கற்றவர்கள் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து அவனை மடக்கிப் பேசும் முறையில் 30 சதவீதம். "அவனை அவன் போக்கில் விடு, உன்னைப் பார்த்துக்கொள்" என்று சொல்லும், குடிநோயாளிகளின் வீட்டார் கூடிப் பேசும் குழுக்களின் வழியில் 13.

என் வேலையில் பாதிக்கு மேல் இந்த 64-ஐத் தேடுவதுதான். எங்கள் வீடுகளில் இரண்டே வழிதான் தெரியும். அப்பா அடித்துத் துரத்துவார், அம்மா பின்வாசல் வழியாகச் சாப்பாடும் இருபது ரேண்டும் கொடுப்பாள். இரண்டுமே போதைப்பொருளின் பக்கம்தான் வேலை செய்கின்றன. சாட்ஸ்வர்த்தின் பேவியூ பகுதியில் ஒரு அம்மாவிடம் ஒரு மாதம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். மகன் போதையில் இருக்கும்போது சண்டையும் வேண்டாம், பணமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், அறைக்குப் போய்விடுங்கள். தெளிவாக இருக்கும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள், அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், கிரிக்கெட் பாருங்கள்.

"அப்போ நான் அவனுக்கு லஞ்சம் கொடுக்கிறேனா, சிஸ்டர்?" என்றார்.

"ஆமாம் ஆண்ட்டி, இத்தனை நாள் தப்பான நேரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்."

சிரித்துவிட்டார். அவன் சிகிச்சைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அரோஸ்டாவில் சுருண்டுகொண்டு, "எங்கே போகணும்னு சொல்லு" என்று அவனே கேட்டான். அம்மா தயாராக இருந்தார், எந்த கிளினிக், எத்தனை மணிக்கு, யார் கார் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அந்தத் தாள்தான் முக்கியம். மனசு இளகும் நேரம் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம், அப்போது போய் நம்பர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் தாளுக்கு ஒரு நம்பர்: சமூக மேம்பாட்டுத் துறையின் இலவச உதவி எண் 0800 12 13 14.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு தமிழ் உதாரணம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989-இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய்க் குடிநோயாளிகளுக்கு முகாம் போட்டது. ஊர்க்காரர்கள் கைகொடுக்க, குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசி, முகாம் முடிந்தபின்பும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். நான் படித்த காலத்தில் இது பாடம். தலைமறைவாக நகரத்துக்குப் போய்ச் சிகிச்சை எடுத்தவனை விட, ஊர் பார்க்கச் சிகிச்சை எடுத்தவனுக்கு ஒரு வசதி உண்டு: டீக்கடையில் யாரும் அவனைக் கிளாஸ் தூக்கச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே நாங்கள் அதற்குத்தான் தவிக்கிறோம். கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, கூழ் ஊற்றும் நாளில் நூறு பேர் உட்கார இடம் இருக்கிறது, வாரம் ஒருமுறை பெற்றோர் கூடிப் பேச ஒரு அறை கேட்டால் "அந்த மாதிரி ஆட்கள் வந்தால் செருப்பு காணாமல் போகும்" என்கிறார்கள். போகும்தான். செருப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாமே?

எச்சரிக்கை ஒன்று. 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி எந்தச் சிகிச்சை மையமும் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனாலும் பிரார்த்தனை, பண்ணை வேலை, பிரம்படி இவற்றையே சிகிச்சை என்று நடத்தும் இடங்கள் உண்டு. ஒரு பையன் முதுகை நானே பார்த்தேன். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள், டாக்டரோ நர்ஸோ இருக்கிறாரா என்று கேளுங்கள், வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

அப்புறம், தைப்பூசம். ஒவ்வொரு வருடமும் காவடி நெருங்கும்போது வீடுகளில் ஒரே பேச்சு, "பத்து நாள் விரதம் இருந்து முருகனுக்குக் காவடி எடுக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும்." எடுக்கட்டும், நானும் கூட நடக்கிறேன், அந்தப் பத்து நாளில் அவனைச் சுற்றி இருக்கும் கூட்டமும் ஒழுங்கும் நிஜமாகவே நல்லது. ஆனால் விரதத்துக்காக மெத்தடோனை நிறுத்தாதீர்கள், அது மருந்து, சர்க்கரை நோய்க்காரர் இன்சுலினை விரதத்துக்காக விடுவதில்லை. எப்படியோ மூன்று நாளோ அதற்கு மேலோ விட்டுப்போய்விட்டால் பழைய அளவையே மறுபடி குடிக்கக் கூடாது, முதலில் மருந்து கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் குறைத்து ஆரம்பிப்பார். காவடி இறக்கிய மறுநாளுக்கும் அடுத்த வாரத்துக்கும் அவன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், எத்தனை மணிக்குக் கிளினிக் போவான் என்பதை விரதம் தொடங்கும் முன்பே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.