ஸ்கிரிப்ட்: சிறுநிரலா, உரைநிரலா?

கணினி வலையமைப்புகளைப் பராமரிப்போருக்காகக் கொழும்பில் தமிழில் நடக்கும் வகுப்புகளின் குறிப்புகளில் "எழுத்துருக்களை எழுதி முறைமைத் தரவுகளை ஆராய்தல்" என்ற தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எழுத்துரு என்பது திரையில் எழுத்துக்கு வடிவம் தருவது. பாமினி ஓர் எழுத்துரு, லதா இன்னொன்று. வன்தட்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்பதை எழுத்துருவால் கேட்டறிய முடியாது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ஸ்கிரிப்ட்; கணினி செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்த உரைக்கோப்பு அது. அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளை எடுத்து வைத்துவிட்டார்கள்.

இலத்தீனில் எழுதுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஆங்கிலத்தில் அது எழுத்துமுறை, கையெழுத்து, நாடகப் பிரதி எனக் கிளைத்தது. கணினிப் பயன்பாட்டுக்குப் பொருந்தி வருவது கடைசிப் பொருள். அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி தானாக ஆடுவதில்லை. அதிலுள்ளதை ஆடிக்காட்ட ஆள் வேண்டும். ஸ்கிரிப்ட்டும் தானாக ஓடுவதில்லை. அதை வரிவரியாகப் பொருள்கொண்டு நிறைவேற்ற இன்னொரு மென்பொருள் வேண்டும்.

எழுத்துருவை ஒதுக்குவது எளிது. என் வழக்கு, ஸ்கிரிப்ட்டுக்குப் பலர் வைத்திருக்கும் சிறுநிரல் என்ற பெயரோடுதான். படித்தவர்களும் அதையே எழுதுகிறார்கள், நல்ல தமிழ் என்றும் நம்புகிறார்கள். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொருளை அளவால் பிரிக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கும் அளவுக்கும் எந்த உறவும் இல்லை.

விண்டோஸ் கணினிகளின் முகாமைத் தரவை, அதாவது அவற்றைப் பராமரிக்கத் தேவைப்படும் விவரங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றைக் கேட்டறிய உதவும் டபிள்யூ.எம்.ஐ. (விண்டோஸ் மனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்) என்ற ஏற்பாடு விண்டோஸ் 2000 முதல் பணிசெயல் முறைமையோடு சேர்ந்தே வருகிறது. கணினியின் உறுப்புகளையும் இயங்கும் சேவைகளையும் வகுப்புகளாகவும் (ஆங்கிலத்தில் கிளாஸ்), ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய பண்புகளாகவும் அது காட்டும். வின்32_லொஜிக்கல்டிஸ்க் என்ற வகுப்பை வினவினால் ஒவ்வொரு வட்டின் கொள்ளளவும் எஞ்சிய இடமும் கிடைக்கும். வின்32_ஒப்பரேட்டிங்சிஸ்டம் வகுப்பை வினவினால் கணினி கடைசியாக எப்போது தொடங்கப்பட்டது என்பது தெரியும். உரிய அனுமதி இருந்தால் கொழும்புக் கோட்டையில் உள்ள அலுவலகத்தில் இருந்தபடியே கண்டிக் கிளையின் கணினியிடமும் இதே வினாவைத் தொடுக்கலாம்.

முன்பு இந்த வினவலை மைக்ரோசொஃப்ட்டின் வி.பி.ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதினார்கள். டபிள்யூ.எம்.ஐ.யோடு தொடர்பு ஏற்படுத்த ஒரு வரி, வினவலுக்கு ஒரு வரி, விடைகளை ஒவ்வொன்றாக எடுக்க ஒரு சுற்று, ஒவ்வொரு பண்பையும் அச்சிடத் தனித்தனி வரி என்று அது நீளும். 2006இல் அதே நிறுவனத்தின் பவர்ஷெல் என்ற புதிய மொழி வந்தபின் அதே வேலை ஒரே வரியில் முடிகிறது. கேட்ட வினா அதே வினா, கிடைத்த தரவு அதே தரவு. வரிகள் குறைந்ததால் அதன் இயல்பு மாறியதா? மறுபக்கம், ஒரு நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட் ஆயிரம் வரிகளைத் தாண்டலாம். அதைச் சிறுநிரல் என்றுதான் சொல்வோமா? 'வணக்கம்' என்று மட்டும் அச்சிடும் ஐந்து வரி சி மொழிச் செய்நிரல் உண்மையிலேயே சிறியது. ஆனால் அது ஸ்கிரிப்ட் அன்று. அதைத் தொகுத்து, கணினி நேரடியாக நிறைவேற்றும் பொறிமொழியாக மாற்றிய பிறகுதான் ஓட்டுகிறோம். ஓடுவது நாம் எழுதிய உரை அன்று, அதிலிருந்து பிறந்த வேறொரு கோப்பு.

இன்னொரு குழப்பமும் உண்டு. இணையப் பக்கங்களுக்குள் ஓடிய ஜாவா அப்லெட்டுகளுக்கும் குறுநிரல், சிறுநிரல் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அப்லெட் முன்கூட்டியே தொகுக்கப்பட்டது. திறந்தால் மனிதர் வாசிக்கும்படி இராது. வாசிக்கக்கூடியதற்கும் வாசிக்க முடியாததற்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தச் சொல்லால் மாணவருக்கு என்ன பயன்?

வாசிக்க முடிவதுதான் ஸ்கிரிப்ட்டின் உயிர். அதனால் நான் உரைநிரல் என்பதை ஏற்கிறேன். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. சொற்களை வரிசையாக நிறுத்தி அதே வரிசையில் பொருள்கொள்ளும் நிரனிறையைத் தொல்காப்பியம் பொருள்கோளில் ஒன்றாகச் சொல்கிறது. நிரல்+நிறை நிரனிறை ஆன அதே புணர்ச்சியில்தான் நம் பாடநூல்களில் தொழில்+நுட்பம் தொழினுட்பம் ஆகிறது. நம் வழக்கில் செய்நிரல் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால் உரைநிரல் அதன் பக்கத்தில் இயல்பாக நிற்கிறது: உரையாக இருந்தபடியே நிறைவேறும் நிரல். உரை என்றால் சொற்பொழிவும்தானே, பாட்டுக்கு எழுதும் விளக்கமும்தானே என்று மறுப்பவர்கள் உண்டு. உரைநடை என்ற சொல்லைக் கேட்டு யாரும் மேடையைத் தேடுவதில்லை. கூட்டுச்சொல்லில் பொருள் தானே தெளியும்.

கணினியின் நடத்தையே இந்தப் பெயருக்குச் சான்று. இயல்பான அமைப்பில் பவர்ஷெல் உரைநிரல் ஒன்றை இரட்டைச் சொடுக்கினால் அது ஓடாது; நோட்பேட்டில் உரையாகத் திறக்கும். வி.பி.ஸ்கிரிப்ட்டுக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' தீநிரல் காதல் கடிதம்போல் வேடமிட்டு வந்த ஒரு வி.பி.ஸ்கிரிப்ட்தான். உரையாகவே இருந்ததால் கிடைத்தவர்கள் திறந்து, நாலு சொல்லை மாற்றி, புதிய வடிவங்களை அனுப்பினார்கள். பிறர் தந்த உரைநிரலை ஓட்டுவதற்கு முன் வாசித்துப் பார் என்று மாணவருக்குச் சொல்லும் எச்சரிக்கை, உரைநிரல் என்ற பெயரிலேயே அடங்கியிருக்கிறது. சிறுநிரல் என்ற பெயரோ, சின்னதுதானே, ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது.

ஒரு சொல்லோடு இது நிற்பதில்லை. அதே குறிப்புகளில் வகுப்பின் பண்பு (ஆங்கிலத்தில் புரொப்பர்ட்டி) 'சொத்து' ஆகிவிட்டது. வட்டில் எஞ்சிய இடம் வட்டின் சொத்தாம். வகுப்பைச் சேர்ந்த ஒரு தனி உருப்படி (ஆங்கிலத்தில் இன்ஸ்டன்ஸ்) 'உதாரணம்' ஆகிவிட்டது. சி என்ற வட்டு எதற்கும் உதாரணம் அன்று, அது அந்த வட்டேதான். மொழிபெயர்த்தவர் ஒரேயொரு வினவலையாவது தம் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் அவர் பேனாவில் வந்திரா. தமிழில் படிக்க வரும் பிள்ளை இவற்றை வாசித்துவிட்டுத் தமிழில் கணினி புரியாது என்று ஆங்கிலக் குறிப்பைத் தேடிப் போகிறது. அந்தப் பழி தமிழின் தலையில் விழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முகாமைத்துவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழகத்தார் மேலாண்மை என்பார்கள். நாம் முகாமைத்துவம் என்கிறோம். முகாமையாளர் என்ற சொல்லில் 'முகாமை' போதுமாக இருக்கும்போது தரவுக்கு முன்னால் மட்டும் '-த்துவம்' எதற்கு? முகாமைத் தரவு என்றே எழுதலாம்.

வி.பி.ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை இடுபெயர்கள். அவற்றை அப்படியே எழுத வேண்டும், வி.பி. உரைநிரல் என்று மாற்றினால் தேடுபவருக்கு அகப்படாது. அந்த மொழிகளில் நாம் எழுதும் கோப்புக்குத்தான் உரைநிரல் என்ற பெயர்.